முள்ளும் மலரும்: முதல் தடவை பார்ப்பவர்களுக்கும் மறுபடி பார்ப்பவர்களுக்கும் சில கேள்வி பதில்கள்

பழைய படம் ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது 1978-இல் வந்த ‘முள்ளும் மலரும்’. சொன்னதும் திரும்பி வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றையும் என் பதில்களையும் இங்கே போட்டிருக்கிறேன். முடிவு வரைக்கும் கதை பேசுவேன். தெரிந்துகொள்ளாமல் படம் பார்க்க நினைப்பவர்கள் முதல் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கதை என்ன?

மலைப்பகுதியில் ஒரு மின்நிலையம். அங்கே வின்ச் (மலைச்சரிவில் வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் இயந்திரம்) இயக்குகிறவன் காளி (ரஜினிகாந்த்). தாய் தகப்பன் இல்லாமல் தெருவில் வித்தை காட்டி வளர்ந்தவன். அவனுக்கு இருக்கிற ஒரே சொந்தம் தங்கை வள்ளி (ஷோபா). ஊரில் அவனுக்கு முரடன் என்று பெயர். மேலதிகாரி என்றாலே ஆகாது. அந்த இடத்துக்குப் புது இன்ஜினீயராக வருகிறார் குமரன் (சரத்பாபு). பஞ்சம் பிழைக்க அம்மாவோடு வந்து சேர்கிறாள் மங்கா (‘படாபட்’ ஜெயலட்சுமி). காளிக்கும் குமரனுக்கும் ஒத்துப்போகவில்லை. குமரனுக்கோ வள்ளியைப் பிடித்துப்போகிறது. இவ்வளவுதான் கதை.

யார் எடுத்த படம்?

மகேந்திரன். அவர் இயக்கிய முதல் படம் இதுதான். அதற்கு முன்பு கதை, வசனம் எழுதுபவராக இருந்தார். சிவாஜி நடித்த ‘தங்கப்பதக்கம்’ அவர் எழுதியது. இந்தப் படத்துக்கு மூலம், கல்கி இதழ் நடத்திய போட்டியில் பரிசு பெற்ற உமாசந்திரனின் நாவல். மகேந்திரன் அதிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தன் போக்கில் எழுதிக்கொண்டார். ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. தமிழில் அவருக்கு இது முதல் படம். இசை இளையராஜா, அவர் சினிமாவுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. தயாரிப்பு ஆனந்தி பிலிம்ஸ் வேணு செட்டியார். வெளியான நாள் 1978 ஆகஸ்ட் 15.

ரஜினி படம் என்று நம்பிப் போகலாமா?

போகலாம். ஆனால் ‘பாட்ஷா’ பார்க்கிற மனநிலையில் போகக் கூடாது. 1978 வரை ரஜினிக்குப் பெரும்பாலும் வில்லன் வேடமும் இரண்டாம் நாயகன் வேடமும்தான் வந்துகொண்டிருந்தன. காளியாக ரஜினியைப் போடுவதில் தயாரிப்பாளருக்கே விருப்பமில்லை. ரஜினி இல்லையென்றால் படமே வேண்டாம் என்று மகேந்திரன் பிடிவாதமாக நின்றார்.

அந்தப் பிடிவாதம் எவ்வளவு சரி என்பது படம் பார்த்தால் புரியும். ரஜினியின் வேகமான நடை, வெடுக்கென்ற பேச்சு, அலட்சியமாகத் திரும்பும் கழுத்து எல்லாம் இதிலும் உண்டு. மற்ற படங்களில் அவை கைத்தட்டலுக்காக வரும். இதில் யாரும் தன்னைச் சின்னவனாகப் பார்த்துவிடக் கூடாதே என்கிற பயத்தில் வரும். தனியாக நிற்கும்போது காளி ஸ்டைல் பண்ணுவதே இல்லை, கவனித்துப் பாருங்கள்.

காளி செய்வது எதுவுமே சரியில்லை. அப்புறம் ஏன் அவன் மேல் கோபம் வருவதில்லை?

இந்தப் படத்தின் மொத்த விஷயமே இந்தக் கேள்விதான்.

பட்டியல் போட்டால் காளி தேறவே மாட்டான். வேலையில் ஒழுங்கு கிடையாது. குடிக்கிறான். கை நீட்டுகிறான். தங்கைக்கு வந்த நல்ல வரனைத் தன் ரோஷத்துக்காகத் தட்டிவிடுகிறான். சஸ்பெண்ட் ஆன கோபத்தில் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடக்கிறான், லாரி ஏறி இடது கை போகிறது. அதற்கும் குமரன்தான் காரணம் என்று தீர்மானிக்கிறான். நியாயமாகப் பார்த்தால் அப்படிச் சொல்ல அவனுக்கு எந்த உரிமையும் இல்லை.

ஆனால் அவனுடைய கணக்கு வேறு. தெருவில் சில்லறைக்காக வித்தை காட்டிய பையனுக்குச் சொத்து என்று இரண்டுதான் இருந்தன: ஒன்று தங்கை, இன்னொன்று மானம். அந்த இரண்டின் பக்கமும் ஒரே ஆள் வருகிறார். சட்டை கசங்காத, படித்த, குரல் உயர்த்தாத ஆள். வேலையில் காளியை அதட்ட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. வள்ளியைக் கேட்கத் தகுதியும் இருக்கிறது. அவரிடம் தோற்க மாட்டேன் என்று காளி முறுக்கிக்கொள்வது தப்புத்தான். ஆனால் ஏன் முறுக்கிக்கொள்கிறான் என்று நமக்கு உள்ளுக்குள் தெரிகிறது. அதனால்தான் திட்ட வாய் வருவதில்லை.

கை போனபின் குமரனிடம் அவன் பேசும் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு கையும் இரண்டு காலும் போனால்கூடக் காளி பிழைத்துக்கொள்வான், “கெட்ட பய சார்” என்பான். அதை இப்போது கெத்து வசனமாக எடுத்து ஓட்டுகிறார்கள். படத்துக்குள் அது கெத்து இல்லை. வேலையும் போய், கையும் போய், எதிரே நிற்பவர் இரக்கப்பட்டுவிடுவாரோ என்று பயந்து ஒருவன் முந்திக்கொண்டு பேசுவது. அந்த இடத்தில் ரஜினியின் குரலை மட்டும் கேளுங்கள்; சிரிப்பு போல ஆரம்பித்து வேறு எங்கோ போகும்.

அப்படியென்றால் குமரன் வில்லனா?

இல்லை. படத்தில் வில்லனே கிடையாது. குமரன் செய்வதில் விதிப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. வேலையில் தவறு நடந்தது, சஸ்பெண்ட் செய்தார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். வள்ளியைப் பிடித்திருக்கிறது என்றால் திருட்டுத்தனம் எதுவும் பண்ணாமல் நேரே அண்ணனிடம் வந்து கேட்கிறார்.

வேலைக்குப் போய்ச் சில வருடங்கள் ஆனவர்கள் இந்தப் படத்தை மறுபடி பார்த்தால் ஒரு சங்கடம் வரும். இருபது வயதில் முழுக்கக் காளி பக்கம் இருந்திருப்பார்கள். கீழே நாலு பேர் வேலை செய்கிற நிலைமை வந்தபின் பார்த்தால் குமரனின் தலைவலி புரியும். திறமைசாலி, ஆனால் சொன்னதைக் கேட்க மாட்டான். கண்டித்தால் ரோஷம், விட்டுவிட்டால் ஒழுங்கு போய்விடும். இப்படி ஒருவரை வைத்து வேலை வாங்கியவர்களுக்குக் குமரன் மேல் தனி அனுதாபம் வரும்.

குமரனிடம் குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், தான் சரி என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருப்பதுதான். சரத்பாபு அதை எவ்வளவு அடக்கமாகக் காட்டுகிறார் பாருங்கள்! மரியாதையாகப் பேசுவார், ஆனால் இறங்கிப் பேச மாட்டார். காளிக்குத் தேவைப்பட்டது அந்த இறங்கிவருதல் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றும். குமரனுக்கு அது கடைசி வரைக்கும் பிடிபடுவதில்லை.

வள்ளி வெறும் பாசத் தங்கையா?

தமிழ் சினிமாவின் தங்கைகள் அழுவதற்கென்றே பிறந்தவர்கள். வள்ளி அப்படியில்லை. அண்ணன் போடும் சத்தத்துக்கு அவள் பயப்படுவதில்லை. அவனை எப்போது பேசவிட வேண்டும், எப்போது விட்டுப்பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் கோபக்காரர் ஒருவரோடு வளர்ந்த பெண்களுக்கு இந்தச் சாமர்த்தியம் பழக்கமானதாக இருக்கும். காளி தங்கையின் காலுக்கு மருதாணி வைத்துவிடும் காட்சியில் இரண்டு பேருக்கும் நடுவில் யார் குழந்தை, யார் பெரியவர் என்று சொல்வது கஷ்டம்.

ஷோபாவுக்கு அப்போது பதினாறு வயதுகூட முடியவில்லை. நம்ப முடியாது. இதற்கு அடுத்த வருடம் வந்த ‘பசி’ படத்துக்காக அவருக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. 1980 மே மாதம், பதினேழு வயதில் இறந்துபோனார். இது தெரிந்தபின் வள்ளி சிரிக்கிற காட்சிகளைச் சும்மா பார்க்க முடிவதில்லை.

மங்கா காமெடிக்காக வருகிறாளா?

முதல் தடவை பார்க்கும்போது அப்படித்தான் தோன்றும். சாப்பாட்டு ராமி, வாயாடி. ‘நித்தம் நித்தம் நெல்லு சோறு’ பாட்டில் நேற்று வைத்த மீன் குழம்பு வரைக்கும் ஆசை ஆசையாக வரிசைப்படுத்துவாள், வாணி ஜெயராம் குரலில் எச்சில் ஊறும். ஆனால் அவள் பஞ்சத்திலிருந்து வந்தவள். பட்டினி கிடந்தவள் சோற்றைப் பாடுவதும் வயிறு நிறைந்தவர்கள் பாடுவதும் ஒன்றல்ல. காளிக்கு எப்படி மானமோ அப்படி மங்காவுக்குச் சோறு.

பின்பாதியில் படத்தைத் தூக்கி நிறுத்துவதே அவள்தான். காளியைக் கட்டிக்கொண்டபின், அவன் வள்ளிக்கு வேறொருவனைப் பார்க்கும்போது, அது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லி, வள்ளியையும் குமரனையும் சேர்த்துவைக்கக் கிளம்புகிறாள். புருஷனை எதிர்த்து நாத்தனாருக்காக நிற்கிற அண்ணி! தமிழ்ப் படங்களில் இது அபூர்வம். எந்தக் கதாபாத்திரத்தோடு காபி குடிக்கப் போவீர்கள் என்று கேட்டால், யோசிக்காமல் மங்கா என்பேன். பலகாரத்துக்குத் தனியாகப் பணம் எடுத்துவைக்க வேண்டும், அது வேறு விஷயம்.

கடைசிக் காட்சியில் வள்ளி ஏன் திரும்பி ஓடுகிறாள்? குமரனைப் பிடிக்கவில்லையா?

பிடித்திருக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. கல்யாணத்துக்காக ஊரே குமரன் பக்கம் திரண்டு போகிறது. மங்காவும் அந்தக் கூட்டத்தில்தான். எதிரே ஒற்றைக் கையோடு காளி நிற்கிறான். அவன் பக்கம் ஒரு ஆள்கூட இல்லை. அதைப் பார்த்த பிறகு வள்ளியால் நடக்க முடியவில்லை. எல்லோரும் விட்டுவிட்டுப் போகிற வரிசையில் தானும் ஒருத்தியாக இருக்க முடியாது என்றுதான் ஓடி வருகிறாள். குமரன் வேண்டாம் என்று அவள் சொல்வதாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

அவள் வந்து சேர்ந்த அந்த நிமிடத்தில் காளி ஜெயித்துவிடுகிறான். ஊருக்கு முன்னால், குமரனுக்கு முன்னால், தன் தங்கைக்குத் தான்தான் முதல் என்று தெரிந்துவிட்டது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். அது கிடைத்ததும் அவனே அவளைக் குமரனிடம் ஒப்படைக்கிறான். அப்போது அவன் சொல்வது இன்னும் அழகு: உங்களை எனக்கு இப்பவும் பிடிக்கவில்லை, ஆனால் என் தங்கைக்குப் பிடித்திருக்கிறது. வேறு படமாக இருந்தால் இந்த இடத்தில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து, தவறை உணர்ந்து, மன்னிப்புக் கேட்டு நம்மைப் படுத்தியிருப்பார்கள். இங்கே காளி திருந்தவில்லை. கொஞ்சம் வழிவிடுகிறான், அவ்வளவே. நிஜத்தில் மனிதர்கள் மாறுவதும் அந்த அளவுக்குத்தானே.

இன்றைக்குப் பார்த்தால் நெருடும் விஷயங்கள் உண்டா?

உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வள்ளியின் கல்யாணம் கடைசி வரைக்கும் அண்ணன் சம்மதத்தில்தான் தொங்குகிறது. அவள் விருப்பத்தை அவள் வாயால் கேட்க யாருக்கும் அவசரமில்லை. காளி பெண்களிடம் நடந்துகொள்ளும் விதத்தைச் சில இடங்களில் படம் லேசாக எடுத்துக்கொள்கிறது. அன்றைய வழக்கம் என்று சொல்லித் தாண்டிவிடலாம்தான். ஆனால் வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகளோடு பார்த்தால், அந்த இடங்களில் நிறுத்திப் பேசுவது நல்லது. அவர்களே கேட்பார்கள், நீங்கள் ஆரம்பிக்க வேண்டியிருக்காது.

படத்தில் வசனம் குறைவு என்கிறார்களே, வேண்டுமென்றே செய்ததா?

வேண்டுமென்றேதான். மகேந்திரன் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் மாணவராக இருந்தபோது எம்.ஜி.ஆர். அங்கே விழாவுக்கு வந்தார். தமிழ் சினிமா எவ்வளவு செயற்கையாக இருக்கிறது என்று அவரை வைத்துக்கொண்டே மேடையில் பேசியவர் மகேந்திரன். எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை, பாராட்டினார், பிறகு சென்னையில் ‘பொன்னியின் செல்வன்’ நாவலுக்குத் திரைக்கதை எழுதும் வேலையையும் கொடுத்தார். அந்தப் படம் எடுக்கப்படவில்லை. பிழைப்புக்காக மகேந்திரன் வசனம் எழுதப் போனார், எந்தச் செயற்கையைக் குறை சொன்னாரோ அதையே பக்கம் பக்கமாக எழுத வேண்டியதாயிற்று. சொந்தப் படம் என்று வந்ததும் அதை எல்லாம் ஒதுக்கிவிட்டார்.

வேணு செட்டியாருக்கு இது தெரியாது. அண்ணன் தங்கை கதை என்று கேட்டதுமே, ‘தங்கப்பதக்கம்’ எழுதியவர் ஆயிற்றே, வசனத்தில் பின்னிவிடுவார் என்று நம்பித்தான் சம்மதித்தார். முடிந்த படத்தைப் போட்டுப் பார்த்தபோது நொந்துபோனார். வெளியானதும் முதல் சில வாரங்கள் கூட்டமில்லை. பிறகு பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே தியேட்டர் நிறைந்து நூறு நாள் ஓடியது. ரஜினிக்குத் தமிழ்நாடு அரசின் சிறப்பு விருதும் கிடைத்தது.

பாட்டுகள்?

‘செந்தாழம் பூவில்’ பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஜேசுதாஸ் குரல், மலைப்பாதை, ஜீப், பக்கத்தில் காற்று. இந்தப் பாட்டைப் படமாக்கத் தயாரிப்பாளர் மேற்கொண்டு செலவு செய்ய மறுத்தபோது, கமல்ஹாசன் தன் பணத்தில் எடுக்க உதவினார். பாலு மகேந்திராவை மகேந்திரனிடம் சேர்த்துவைத்தவரும் கமல்தான். படத்தில் ஒரு காட்சியில்கூட வராத நடிகருக்கு இந்தப் படம் இவ்வளவு கடன்பட்டிருக்கிறது.

‘ராமன் ஆண்டாலும்’ எஸ்.பி.பி. பாடியது. யார் ஆண்டால் எனக்கென்ன என்று காளி ஆடுகிற ஆட்டத்தை முதல் தடவை பார்க்கும்போது சும்மா திருவிழாக் குத்தாட்டம் என்று நினைப்போம். அவன் அதிகாரத்தைப் பார்க்கும் பார்வை முழுக்க அதில் இருக்கிறது. ஜென்சி பாடிய ‘அடி பெண்ணே’ எனக்கு இந்தப் பாட்டுகளில் கடைசி இடம்தான். சண்டைக்கு வர நினைப்பவர்கள் வரலாம்.

பாட்டைவிடப் பின்னணி இசையைக் கவனிக்கச் சொல்வேன். முக்கியமாக, இளையராஜா எங்கெல்லாம் வாசிக்காமல் விடுகிறார் என்பதை.

மெதுவாகப் போகுமா? இப்போதைய பிள்ளைகளுக்குப் போரடிக்காதா?

முதல் இருபது நிமிடம் பொறுமை வேண்டும். பாலு மகேந்திரா மலையையும் வெளிச்சத்தையும் அவசரமில்லாமல் காட்டுவார். முகத்தில் விளக்கைக் கொட்டிப் பளபளவென்று எடுப்பது வழக்கமாக இருந்த காலத்தில், இவர் ஜன்னல் வழியாக வருகிற அளவு வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார். அதனால் செல்போனில் பார்த்தால் இருட்டு என்பீர்கள். டிவியில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். குமரன் வந்து காளியோடு உரசத் தொடங்கியதும் படம் தானே இழுத்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாம் தடவை பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

காளியின் கைகளை. முன்பாதியில் வின்ச்சை இயக்குவது, அடிப்பது, ஆடுவது, தங்கையைக் கொஞ்சுவது என்று எல்லாவற்றையும் அவன் கைகளால்தான் செய்கிறான். முதல் தடவை இது கண்ணில் படாது. கை போகப்போகிறது என்று தெரிந்துகொண்டு பார்க்கும்போது, முன்பாதி முழுக்க வேறு படமாகத் தெரியும்.

வேறு மொழிகளில் எடுத்தார்களா?

மலையாளத்தில் ‘வேனலில் ஒரு மழ’ (1979), இந்தியில் மிதுன் சக்கரவர்த்தி நடித்த ‘பியாரி பெஹ்னா’ (1985). தமிழே போதும்.

ரஜினிக்கு இந்தப் படம் எப்படி?

ஒரு மேடையில் பாலசந்தரே ரஜினியிடம், உனக்குப் பிடித்த இயக்குநர் யார் என்று கேட்டார். சினிமாவுக்குக் கொண்டுவந்த குருநாதர் எதிரே உட்கார்ந்து கேட்கிறார். ரஜினி சொன்ன பதில் மகேந்திரன்.

பிறகு 2019-இல் ‘பேட்ட’ படத்தில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள். அந்த வருடம் ஏப்ரலில் மகேந்திரன் காலமானார். சரத்பாபுவும் ரஜினியும் ‘அண்ணாமலை’ (1992), ‘முத்து’ (1995) என்று மறுபடி மறுபடி எதிரெதிரே நின்றார்கள். ‘அண்ணாமலை’யில் பணக்கார நண்பனும் பால்காரனும் முறைத்துக்கொள்ளும்போது, குமரனும் காளியும் ஞாபகத்துக்கு வராமல் இருப்பதில்லை.

இது பிடித்திருந்தால் அடுத்து எதைப் பார்ப்பது?

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979). அதில் விஜயன் செய்திருக்கும் சுந்தரவடிவேலு, காளிக்கு நேர் எதிர்: குரல் உயர்த்தாமலே வீட்டில் எல்லோரையும் நடுங்கவைப்பவன். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம், தாங்காது. நடுவில் ‘ஜானி’ (1980) பார்த்துக்கொள்ளுங்கள். ரஜினி, ஸ்ரீதேவி, இளையராஜா, மனசும் லேசாகும்.